செல்ல நாய்க்குப் பிறவியிலேயே இதயக் கோளாறா?

“நாய்க்குக்கூட ஹார்ட் டிரபுள் வருமா டாக்டர்?” என்று சிரித்துக்கொண்டே கேட்பவர்கள் உண்டு. வரும். அதுவும் பத்து வயசான கிழ நாய்க்கு மட்டுமில்லை. தடுப்பூசி போடுவதற்காகத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு போகிறீர்களே, அந்த இரண்டு மாதக் குட்டிக்கும் இருக்கலாம். கால்நடை மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தவர் எடுக்காமல் ரொம்ப நேரம் கேட்பார். பிறகு, “ஒரு எக்கோ எடுத்துப் பார்த்துடலாமே” என்பார். அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் வீடு திரும்புகிறவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

நான் சித்த மருத்துவன். மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கிறவன். நாய்க்கு மருந்து எழுதித் தர எனக்குப் படிப்பும் கிடையாது, உரிமையும் கிடையாது. பின்னே ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். இப்படிப்பட்ட வீட்டுக்காரர்கள் பலர் கால்நடை மருத்துவரைப் பார்த்த கையோடு என்னைப் போன்றவர்களைத் தேடி வருகிறார்கள். “ஆயுசுக்கும் மாத்திரைங்கறாங்க. உங்க சித்தாவுல இதுக்கு ஏதாவது கஷாயம் இருக்கா?” என்று கேட்கிறார்கள். இல்லை என்பதுதான் பதில். ஏன் இல்லை என்று தெரிந்துகொண்டால், நீங்கள் என்னென்ன செய்ய முடியும் என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

முதலில் ஒரு விஷயம். குட்டியின் இதயத்தில் கேட்கும் இரைச்சலை டாக்டர்கள் ‘மர்மர்’ என்பார்கள். ரத்தம் சீராக ஓடாமல் சுழித்துக்கொண்டு ஓடும்போது வருகிற சத்தம் அது. எல்லா மர்மரும் நோய் அல்ல. வளர்கிற குட்டிகள் சிலவற்றுக்கு மெல்லிய இரைச்சல் இருந்து, ஐந்தாறு மாதத்துக்குள் தானே மறைந்துவிடும். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் கண்டு ரத்தம் குறைந்துபோன நாய்க்கும் இரைச்சல் கேட்கும். ரத்தம் ஊறியதும் போய்விடும். ஆறு படிகளாக இரைச்சலின் பலத்தைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். முதல் படி, அமைதியான அறையில் காதைத் தீட்டிக் கேட்டால்தான் தெரியும். ஐந்தாம் படிக்குப் போய்விட்டால், நாயின் மார்பில் கையை வைத்தாலே பூனை உறுமுவதுபோல ஓர் அதிர்வு தெரியும். மறையாத இரைச்சல், பலமான இரைச்சல், நாளுக்கு நாள் கூடுகிற இரைச்சல்... இவற்றுக்குத்தான் எக்கோ அவசியம்.

எக்கோவில் தெரிய வருகிற பிறவிக் கோளாறுகள் பலவிதம். இனத்துக்கு இனம் மாறும். லேப்ரடாருக்கு இதயத்தின் வலப்பக்க வால்வு சரியாக அமையாமல் போவதுண்டு. புல்டாக், பீகிள் வகைகளுக்கு நுரையீரலுக்குப் போகும் வழி குறுகியிருக்கலாம். பொமரேனியன், பூடில் போன்ற சிறிய நாய்களில், தாய் வயிற்றில் இருக்கும்போது திறந்திருந்து பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய ஒரு ரத்தக்குழாய் மூடாமலே நின்றுவிடும். இந்தக் கடைசி வகையைக் காலத்தில் கண்டுபிடித்து அடைத்துவிட்டால், அந்த நாய் மற்ற நாய்களைப் போலவே முழு ஆயுளும் வாழ முடியும். அதனால்தான் ‘ஹார்ட்ல ஓட்டையாம், ஒண்ணும் பண்ண முடியாதாம்’ என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். எந்தக் கோளாறு, எந்த அளவு என்று எழுத்தில் வாங்கி வையுங்கள்.

நான் இங்கே விவரமாகச் சொல்லப்போவது வேறொன்றைப் பற்றி. கோல்டன் ரெட்ரீவர், பாக்ஸர், ராட்வைலர், ஜெர்மன் ஷெப்பர்ட் என்று நம் ஊர் வீடுகளில் ஆசையாக வளர்க்கப்படும் பெரிய இனங்களில் காணப்படுகிற பரம்பரைக் கோளாறு அது. ரிப்போர்ட்டில் ‘சப் அயோர்ட்டிக் ஸ்டெனோசிஸ்’ என்று எழுதியிருப்பார்கள். இதயத்தின் இடது கீழறையிலிருந்து ரத்தம் மகாதமனிக்குப் போகிற வாசலில் ஒரு வால்வு இருக்கிறதல்லவா? அதற்குச் சற்றுக் கீழே, நார்த்தசையாலான ஒரு மேடு அல்லது வளையம் வளர்ந்து வழியை இறுக்குகிறது. பிறந்த அன்றே முழுசாக இருக்காது. குட்டி வளர வளர அதுவும் வளரும். அதனால் இரண்டு மாதத்தில் லேசாகக் கேட்ட இரைச்சல் பத்து மாதத்தில் பலமாகிவிடலாம். நாய்க்கு ஒரு வயசு முடிந்து எடுக்கிற எக்கோவைத்தான் முடிவான கணக்காக வைத்துக்கொள்வார்கள்.

மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற குழாயில் உள்ளே சுண்ணாம்பு படிந்து வழி குறுகிவிட்டால் மோட்டார் எப்படி முக்கும்? அதே கதைதான். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உடம்புக்கு 120 அளவு ரத்த அழுத்தம் தேவை என்று வைத்துக்கொள்வோம். நல்ல இதயமானால் உள்ளேயும் ஏறக்குறைய 120 கொடுத்தால் போதும். வழியில் 100 அளவுக்குத் தடை இருந்தால்? வெளியே 120 கிடைக்க, உள்ளே 220 கொடுத்து அழுத்த வேண்டும். நிமிடத்துக்கு நூறு தடவை, இரவு பகலாக. உடற்பயிற்சி செய்கிற பயில்வானின் புஜம்போல இடது அறையின் சதை தடித்துப் போகிறது. தடித்த சதைக்கு ரத்தம் நிறைய வேண்டும். ஆனால் அதற்குப் போதிய ரத்தம் போய்ச் சேர்வதில்லை. பசியில் கிடக்கிற சதை தாறுமாறாகத் துடிக்க ஆரம்பிக்கும். ஓடும்போது மயங்கி விழுவதும், சில நாய்கள் ஒரு முன்னறிவிப்பும் இல்லாமல் இறந்துபோவதும் இதனால்தான்.

எக்கோ ரிப்போர்ட்டில் அந்தத் தடையின் எண்ணைப் போட்டிருப்பார்கள். பொதுவாக 50-க்குக் கீழே என்றால் லேசானது. 50-லிருந்து 80 வரை நடுத்தரம். 80-க்கு மேலே கடுமையானது. லேசான வகை நாய்கள் பெரும்பாலும் மற்ற நாய்கள் மாதிரியே வாழ்ந்து முடிக்கும்; மருந்துகூட வேண்டியிருக்காது. நடுத்தர வகையிலும் பல வருஷம் நன்றாக இருப்பவை நிறைய. கடுமையான வகைதான் கவலை. இந்த நோயில் நேர்கிற திடீர் மரணங்களில் பெரும்பாலானவை முதல் மூன்று வயசுக்குள் நேர்கின்றன என்று 1994-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. இதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல நான் விரும்பவில்லை. வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், வயசானவர்கள் இருக்கிறார்கள். முன்கூட்டித் தெரிந்திருப்பது நல்லது.

‘அந்த மேட்டை ஆபரேஷன் பண்ணி எடுக்கக் கூடாதா?’ என்பது அடுத்த கேள்வி. திறந்த இதய அறுவை வெளிநாடுகளில் செய்து பார்க்கப்பட்டது. பெரிய செலவு, பெரிய ஆபத்து; செய்தபின் திடீர் மரணம் குறைந்ததாகவும் தெரியவில்லை. ரத்தக்குழாய் வழியே பலூனைச் செலுத்தி விரித்துப் பார்த்தார்கள். பலூன் செய்த நாய்களையும், வெறும் அட்டெனோலால் மாத்திரை சாப்பிட்ட நாய்களையும் ஒப்பிட்ட 2005-ம் வருஷத்து ஆய்வில், இரு தரப்பின் ஆயுளிலும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு தரப்பிலும் சராசரி நாலரை வருஷத்தை ஒட்டித்தான் இருந்தது. ‘நம்மிடம் பணம் இல்லாததால்தான் காப்பாற்ற முடியவில்லை’ என்று மனசுக்குள் குமைகிற நடுத்தரக் குடும்பத்தார் இந்த வரியை இரண்டு தடவை படியுங்கள்.

அட்டெனோலால் என்றால் தாத்தா சாப்பிடுகிற அதே பிரஷர் மாத்திரைதான். இதயத்தின் வேகத்தையும், அது அழுத்துகிற வலுவையும் குறைக்கும். துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே கிடைக்கிற ஓய்வு கூடினால், தடித்த சதைக்குக் கொஞ்சம் கூடுதலாக ரத்தம் போய்ச் சேரும். அவ்வளவுதான் அதன் வேலை. மேட்டைக் கரைக்காது. எந்த மருந்தும் கரைக்காது. அளவை நாயின் எடையைப் பார்த்துக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தாத்தாவின் பட்டையிலிருந்து எடுத்துப் போடக் கூடாது. ‘இப்ப நல்லாத்தானே இருக்கான்’ என்று திடீரென்று நிறுத்தவும் கூடாது. கட்டி வைத்திருந்த வேகம் ஒரேயடியாகத் திரும்பி வந்தால் ஆபத்து. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போகும்போது நாயைப் பார்த்துக்கொள்கிறவரிடம் சாவியைக் கொடுக்கிற மாதிரி மாத்திரையையும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

இனி எங்கள் மருந்து விஷயத்துக்கு வருகிறேன். சித்த மருத்துவத்தில் இதய நோயைத் ‘தமரக நோய்’ என்போம். அதில் மருதம்பட்டைக்குப் பெரிய இடம் உண்டு. மனிதர்களுக்கு நானே தருகிறேன். அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு ‘நாய்க்கும் ரெண்டு ஸ்பூன் ஊத்துங்க’ என்று சொல்ல மாட்டேன். மருதம்பட்டைக்கு இதயம் சுருங்கும் வலுவைக் கூட்டுகிற குணம் உண்டென்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. இந்த நாய்க்கோ அந்த வலுவைக் குறைக்கத்தான் மாத்திரையே கொடுக்கிறார்கள்! ஒருவர் பிரேக் போட, இன்னொருவர் ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி என்ன ஆகும்? பற்பம், செந்தூரம் பற்றிப் பேசவே வேண்டாம். மனிதன் எடைக்கும் குடலுக்கும் அளவு கண்ட மருந்துகள் அவை. ‘மூலிகைதானே, பக்கவிளைவு இல்லை’ என்று யாராவது பொட்டலம் கட்டிக் கொடுத்தால், எந்தக் கல்லூரியில் படித்தவராக இருந்தாலும் வாங்காதீர்கள்.

இன்னும் ஒன்று சொல்கிறேன், ஆச்சரியப்படுவீர்கள். நாம் ‘இதயத்துக்கு நல்லது’ என்று பாலில் வேகவைத்துச் சாப்பிடுகிறோமே பூண்டு, அது நாய்க்கு விஷம். வெங்காயமும் அப்படித்தான். இரண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். ரத்தம் குறைந்தால், ஏற்கெனவே முக்குகிற இதயம் இன்னும் வேகமாக ஓட வேண்டியிருக்கும். ரசம் சாதம், சாம்பார் சாதம், மிச்சம் மீதிக் குழம்பு எல்லாவற்றிலும் இவை இருக்கின்றன. கேசரியிலும் பாயசத்திலும் விழுகிற உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் காபியும் இதயத்தைப் படபடக்க வைக்கும். காலையில் தான் குடிக்கிற காபியில் இரண்டு மடக்கை டவராவில் ஊற்றி நாய்க்கு வைக்காவிட்டால் சில பெரியவர்களுக்கு மனசே ஆறாது. அதை நிறுத்துங்கள். அப்பளம், ஊறுகாய், மிக்சர், கருவாடு போன்ற உப்புச் சமாச்சாரங்களும் வேண்டாம். மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி, முட்டை, சாதம், காரட் தாராளமாகத் தரலாம். உடம்பு பெருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதிகப்படி ஒவ்வொரு கிலோவும் இதயத்துக்குப் பாரம்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பதினொரு மாதக் கோல்டன் ரெட்ரீவர். காம்பவுண்டுச் சுவரில் ஓடிய அணிலைத் துரத்திப் போனது, நடுவழியில் நான்கு காலும் மடிந்து விழுந்துவிட்டது. பாட்டி வலிப்பு என்று நினைத்துச் சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். தாத்தா ஒரு படி மேலே போய், தன் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்கிற சார்பிட்ரேட் மாத்திரையைக் கொண்டுவந்து அதன் வாயைத் திறக்கப் போனார். நல்லவேளை, அதற்குள் நாய் எழுந்து நின்று வாலை ஆட்டியது!

தாத்தாவின் அன்பு புரிகிறது. ஆனால் அந்த மாத்திரை ரத்தக்குழாய்களைத் தளர்த்துகிற மாத்திரை. வாசல் குறுகியிருக்கும்போது வெளியே குழாய்களைத் தளர்த்தினால், ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கி மயக்கம் மரணத்தில் முடியலாம். இந்தக் கோளாறு உள்ள நாய்க்கு, டாக்டர் சொல்லாமல், மனிதர்களின் இதய மாத்திரை எதையும் தரக் கூடாது.

விழுந்தால் என்ன செய்வது? பக்கவாட்டில் படுக்க வையுங்கள். கழுத்தை நீட்டி விடுங்கள். கழுத்துப்பட்டையைக் கழற்றுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போய்விடும். சாவி, இரும்பு எதுவும் வேண்டாம். கூட்டம் கூடிக் கத்த வேண்டாம். ஒருவர் செல்போனில் படம் எடுங்கள். படம் எதற்கு என்கிறீர்களா? இதய மயக்கம் என்றால் பெரும்பாலும் ஓட்டத்திலோ உற்சாகத்திலோ வரும், உடம்பு துவண்டு விழும், ஒரு நிமிஷத்தில் எழுந்து பழையபடி ஆகிவிடும். வலிப்பென்றால் கை கால் வெட்டும், நுரை தள்ளும், எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் திருதிருவென்று விழிக்கும். நீங்கள் வாயால் சொல்வதைவிட அந்தப் படம் டாக்டருக்குத் தெளிவாகச் சொல்லும். எழுந்துவிட்டது என்பதற்காகச் சும்மா இருந்துவிடாமல் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

வீட்டில் நீங்கள் தினமும் செய்யக்கூடிய பரிசோதனை ஒன்று உண்டு. நாய் அசந்து தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை அரை நிமிஷம் எண்ணி, இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30-க்குள் இருந்தால் சரி. ஒரு நாள் கூடிக் குறையலாம். கனவு கண்டாலும் கூடும். ஆனால் தொடர்ந்து 30-ஐத் தாண்டினால், நுரையீரலில் நீர் கோக்க ஆரம்பித்திருக்கலாம். அன்றே டாக்டரைப் பாருங்கள். காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் இந்த எண்ணை எழுதி வந்தால் போதும். இந்த வேலையை வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பயந்து அழுகிற பிள்ளைக்குக்கூட, ஒரு பொறுப்பு கையில் கிடைத்ததும் பாதி பயம் போய்விடும்.

நாடி பார்க்கிறவன் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நாய்க்கு நாடி மணிக்கட்டில் இல்லை. பின்னங்கால் தொடையின் உள்பக்கம் கிடைக்கும். மூச்சை இழுக்கும்போது வேகமாகவும் விடும்போது நிதானமாகவும் துடிக்கும். அது நாய்களுக்கு இயற்கை, பயப்படாதீர்கள். வாத பித்த கபம் தேட வேண்டாம்! கோளாறு கடுமையாக உள்ள நாய்க்கு அந்த நாடி மெலிந்து, தயங்கித் தயங்கி எழும். அதைக் கண்டு சொல்வது கால்நடை மருத்துவரின் விரலுக்குப் பழகிய வேலை.

ஓட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். பந்து எறிந்து எடுத்து வரச் சொல்வது, ஸ்கூட்டர் பின்னால் ஓட விடுவது, கடற்கரையில் அவிழ்த்து விடுவது எல்லாம் நடுத்தர, கடுமையான வகை நாய்களுக்குக் கூடாது. மார்புப்பட்டை போட்டு, வெயில் ஏறுவதற்கு முன்னால் மெதுவாக நடத்திக் கூட்டிப் போங்கள். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, இளைத்து இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அதனால் கத்திரி வெயிலில் மின்விசிறியும் தண்ணீரும் இல்லாத மொட்டை மாடியில் கட்டிப் போடாதீர்கள். தீபாவளி வெடிக்கு நடுங்குகிற நாயானால், பத்து நாள் முன்பே டாக்டரிடம் சொல்லி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கால் புண், ஈறு வீக்கம், பல் சொத்தை எதையும் அலட்சியம் செய்ய வேண்டாம். ரத்தத்தில் கலக்கிற கிருமி, அடி வாங்கிக்கொண்டே இருக்கிற அந்த வால்வில் போய் உட்கார்ந்துகொள்ளும். பல் சுத்தம் செய்தாலும் கருத்தடை ஆபரேஷன் என்றாலும், மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பே எக்கோ ரிப்போர்ட்டைக் காட்டுங்கள்.

இதையெல்லாம் படித்ததும் நாயைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ராத்திரி எழுந்து எழுந்து மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறார்கள். அந்த நாய்க்கு ரிப்போர்ட் படிக்கத் தெரியாது. தன் தட்டு, தன் மூலை, சாயங்காலம் நீங்கள் வருகிற சத்தம், இதுதான் அதன் உலகம். தரையில் உருண்டு விளையாடட்டும். வாசனை பிடித்துக்கொண்டு தெருவை அளக்கட்டும். பிஸ்கெட்டை ஒளித்து வைத்துத் தேடச் சொல்லுங்கள், ஓடாமலே களைக்கும். ‘திடீர்னு போயிடுமாமே, எதுக்கு இந்தத் தொல்லை, கொடுத்துட்டு வேற வாங்குங்க’ என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். நோயுள்ள நாயைச் சொல்லாமல் இன்னொருவர் தலையில் கட்டுவது தப்பு. மூச்சுத் திணறல் மருந்துக்கு அடங்காத நிலை வந்தால் என்ன செய்வது என்று கால்நடை மருத்துவரிடம் அமைதியான ஒரு நாளில் கேட்டு வையுங்கள். நள்ளிரவில் அழுதுகொண்டே எடுக்கிற முடிவு சரியாக அமைவதில்லை.

குட்டிக்கு இது உங்களால் வந்ததில்லை. நீங்கள் போட்ட சாப்பாடோ, தவறவிட்ட ஊசியோ காரணம் இல்லை. பரம்பரையாக வருவது. நியூஃபவுண்ட்லாந்து இன நாய்களில் இதை 1976-லேயே நிரூபித்தார்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தாய்க்கோ தகப்பனுக்கோ லேசாக இருக்கும், வெளியே தெரியாது, ஆனால் குட்டிக்குக் கடுமையாக வரும். அதனால் லேசான வகை என்று ரிப்போர்ட் வந்தாலும் அந்த நாயை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள். ‘ஒரே ஒரு ஈத்து, ஒரு குட்டியை நாமே வெச்சுக்கலாம்’ என்று ஆசைப்படாதீர்கள். விற்றவரிடம் ரிப்போர்ட் நகலைக் கொடுங்கள். கூடப் பிறந்த குட்டிகள் எந்தெந்த வீட்டில் இருக்கின்றன என்று கேட்டு, அவர்களுக்கும் சொல்லி அனுப்புங்கள். சீமை நாய்க்குத்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். நம் ராஜபாளையம் நாயின் அந்த வெள்ளைவெளேர் நிறத்தோடு காது கேளாமையும் பரம்பரையாக வருவதுண்டு.

எக்கோ எடுக்கச் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். மற்ற ஊர்க்காரர்கள் பக்கத்தில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரித்துக்கொண்டு போங்கள். காலண்டரில் எழுதிய மூச்சுக் கணக்கையும், செல்போன் படத்தையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.

அடுத்த நாய் வாங்குவதைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்பது 2017-ம் ஆண்டு மத்திய அரசு விதி. தரகர் மூலம் வாங்காமல், தாயைக் கண்ணால் பாருங்கள். தாய் தகப்பன் இரண்டுக்கும் எக்கோ எடுத்திருக்கிறதா என்று கேளுங்கள். பணம் கைமாறுவதற்கு முன்னால் உங்கள் டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். ‘அதெல்லாம் எங்ககிட்ட கிடையாது சார், இஷ்டம்னா எடுங்க’ என்றால், முன்பணம் கொடுக்காமல் திரும்பி வந்துவிடுங்கள்.